96 சதவீதம் உறுதி என்றால் தண்டித்துவிடலாமா?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. ஒன்று: "நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும்" என்று பிடி கொடுக்காமல் சொல்வதற்குப் பதிலாக, 95 சதவீதம் அல்லது 99 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் என்ன? இரண்டு: வெறும் புள்ளிவிவரத்தை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்கிறார்கள், அப்படியானால் டிஎன்ஏ பொருத்தமும் புள்ளிவிவரம்தானே, அதை மட்டும் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்?

முதல் கேள்விக்கு என் பதில், முடியாது என்பதுதான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், அதாவது மனித விவகாரங்களை எண்ணில் அடக்க முடியாது என்கிற பேச்சு, எனக்கு ஒப்பாதது. எத்தனையோ மனித விவகாரங்களை எண்ணில் அடக்கித்தான் வைத்திருக்கிறோம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் காட்டுவதற்கு முதலில் எண்ணின் பக்கம் நின்று அதற்கான நியாயத்தை முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் 1760களில் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதிவைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடப் பத்துக் குற்றவாளிகள் தப்பிப்பது மேல். இதைக் கணக்காகப் படித்தால் ஓர் எல்லை தானாகவே வந்துவிடும். நிரபராதியைத் தண்டிப்பதால் வரும் கேடு, குற்றவாளியை விடுவிப்பதால் வரும் கேட்டைப்போல் 10 மடங்கு என்றால், குற்றம் செய்திருப்பதற்கான நிகழ்தகவு 11இல் 10 பங்கைத் தாண்டும்போது, அதாவது சுமார் 91 சதவீதத்துக்கு மேல் போகும்போது தண்டிப்பதுதான் லாபம். 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நீதிபதி ஃபோர்டெஸ்கியூ பத்துக்குப் பதில் இருபது என்றார், அப்படியானால் 95 சதவீதம். அவருக்கும் முன்பு 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் ஆயிரம் என்றார், அப்போது 99.9 சதவீதம். உரிமையியல் வழக்கில் இரண்டு பக்கத் தவறும் சம கேடு என்று வைத்துக்கொண்டால் எல்லை 50 சதவீதம், நடைமுறையிலும் "இது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்கிற அளவுகோல்தான் அங்கே இருக்கிறது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. எந்த விகிதம் என்று ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து முடிவு செய்தால் வேலை முடிந்தது என்றே தோன்றும்.

சரி, இப்போது அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் சார்லஸ் நெஸ்ஸன் 1979இல் வைத்த ஒரு கற்பனை வழக்கைப் பாருங்கள். சிறை முற்றத்தில் 25 கைதிகள். ஒரு காவலர் உள்ளே வருகிறார். 24 பேர் சேர்ந்து அவரைத் தாக்கிக் கொல்கிறார்கள், ஒருவர் மட்டும் விலகிப் போய் ஒளிந்துகொள்கிறார். தூரத்திலிருந்து இதைப் பார்த்தவருக்கு எண்ணிக்கை தெரிகிறது, முகம் தெரியவில்லை. வேறு எந்தச் சாட்சியமும் கிடையாது. 25 பேரில் யாரோ ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறோம். அவர் கொலையில் பங்கெடுத்திருப்பதற்கான நிகழ்தகவு 96 சதவீதம். ஃபோர்டெஸ்கியூவின் எல்லையைத் தாண்டிவிட்டது. தண்டிக்கலாமா?

கேட்கும் யாரும் தலையசைப்பதில்லை. ஏன் என்று கேட்டால் சட்டென்று வரும் பதில்: "இப்படிப் போனால் 25 பேரையும் தண்டிப்போம், அதில் ஒருவர் நிரபராதி என்று நமக்கே தெரியும்." இந்தப் பதில் தேறாது. எந்த எல்லை வைத்தாலும் நிரபராதிகள் சிலர் மாட்டத்தான் செய்வார்கள், தனித்தனியாக நடக்கும் 100 வழக்குகளில் ஒவ்வொன்றும் 96 சதவீத உறுதியோடு முடிந்தால் அங்கேயும் சராசரியாக 4 பேர் அநியாயமாக உள்ளே போவார்கள். அதைச் சகித்துக்கொண்டு இதை மட்டும் சகிக்க மாட்டோம் என்றால், வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை.

நான் பார்க்கிற வித்தியாசம் இது. கூண்டில் நிற்பவர்தான் அந்த ஒளிந்துகொண்ட கைதி என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எதிரான சாட்சியத்தில் ஓர் எழுத்தாவது மாறுமா? மாறாது. 25இல் 24 என்பது அப்படியே இருக்கும். அவர் கொன்றிருந்தாலும் அதே சாட்சியம், கொல்லாமல் ஒளிந்திருந்தாலும் அதே சாட்சியம். அதாவது அந்த எண்ணுக்கும் இந்த ஆளின் செயலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டேவிட் ஈனோக்கும் சக ஆய்வாளர்களும் 2012இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள்: இப்படிப்பட்ட எண்ணை வைத்துத் தண்டிக்க ஆரம்பித்தால், ஒருவர் ஒழுங்காக நடந்துகொள்வதற்கான காரணமே அடிபட்டுப் போகும், ஏனென்றால் அவர் என்ன செய்தாலும் தீர்ப்பு அவரைச் சுற்றியிருப்பவர்களை வைத்துத்தான் வரப்போகிறது. தத்துவ அறிஞர் எல். ஜொனாதன் கோஹன் 1977இல் சொன்ன உதாரணத்தில் இது பளிச்சென்று தெரியும். ஒரு காட்சியைப் பார்க்க 1,000 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், 499 பேர்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள், டிக்கெட்டு எதுவும் தரப்படவில்லை. யாரைப் பிடித்து வழக்குப் போட்டாலும் அவர் பணம் தராதவர் என்பதற்கு 50.1 சதவீத வாய்ப்பு, உரிமையியல் வழக்குக்கு அது போதும். அப்படியானால் பணம் கொடுத்த 499 பேரும் தோற்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சுவரேறிக் குதித்திருந்தால், நீங்கள் வாசலில் பணம் கட்டி வந்ததற்கு எந்த மதிப்பும் கிடையாது.

இதெல்லாம் வகுப்பறைக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 1945இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு பேருந்து எதிரே தாறுமாறாக வர, அதற்கு ஒதுங்கப்போய் ஒரு பெண் தன் காரை நின்றிருந்த இன்னொரு வண்டியில் மோதிவிட்டார். பேருந்து யாருடையது என்று அவருக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சாலையில் பேருந்து ஓட்ட ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் உரிமம் இருந்தது. போதாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். கணக்குப்படி வாய்ப்பு அந்த நிறுவனத்துக்கு எதிராகச் சாய்ந்திருக்கலாம், ஆனால் அது மட்டுமே நிரூபணம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். கேரி வெல்ஸ் என்கிற உளவியலாளர் இதே மாதிரியான பேருந்து வழக்கை 1992இல் சோதனைக்கு எடுத்தார். ஒரு குழுவிடம், அந்தச் சாலையில் ஓடும் பேருந்துகளில் 80 சதவீதம் ஒரே நிறுவனத்துடையவை என்று சொல்லப்பட்டது. இன்னொரு குழுவிடம், 80 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடிய ஒரு சாட்சி அந்த நிறுவனத்தின் பேருந்து என்று அடையாளம் காட்டியதாகச் சொல்லப்பட்டது. இரண்டு குழுவினரும் நிகழ்தகவு என்ன என்று கேட்டால் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் சொன்னார்கள். ஆனால் தீர்ப்பு சொல்லச் சொன்னபோது முதல் குழுவில் நிறுவனத்தைப் பொறுப்பாக்கியவர்கள் மிகச் சொற்பம், இரண்டாவதில் மிக அதிகம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். கண்ணால் பார்த்த சாட்சியை நம்புகிறோமே, அது எவ்வளவு ஓட்டையானது தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். அமெரிக்காவில் தண்டிக்கப்பட்டு, பிற்பாடு டிஎன்ஏ சோதனையால் நிரபராதி என்று வெளியே வந்தவர்களின் வழக்குகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் யாரோ ஒருவர் தவறாக அடையாளம் காட்டியிருந்தார். அவர்களில் பலர் பொய் சொல்லவில்லை, முழு நம்பிக்கையோடு தவறான ஆளைக் காட்டினார்கள். அப்படியிருக்க, சாட்சியின் பக்கம் சாய்வது வெறும் மனப்பழக்கம் இல்லையா?

ஓரளவு பழக்கம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் முழுக்க அல்ல. சாட்சி கூண்டில் ஏறியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் எவ்வளவு இருந்தது, எத்தனை அடி தூரத்தில் நின்றீர்கள், கண்ணாடி போட்டிருந்தீர்களா, போலீஸ் அடையாள அணிவகுப்பு நடத்துவதற்கு முன்பே இவருடைய புகைப்படத்தைக் காட்டினார்களா, இவரோடு உங்களுக்கு முன்பகை உண்டா? குறுக்கு விசாரணையில் வரும் ஒவ்வொரு கேள்வியும், இந்தச் சாட்சியம் தவறாகப் போயிருக்கக்கூடிய ஒரு வழியைத் திறந்துவைக்கிறது. அந்த வழி அடைபடுகிறதா, திறந்தே கிடக்கிறதா என்பது நீதிமன்றத்திலேயே எல்லோர் கண்முன்னும் தெரியும். அந்த 80 சதவீதத்திடம் போய் என்ன கேட்பீர்கள்? அன்றிரவு அந்தத் திருப்பத்தில் வந்த அந்த ஒரு பேருந்தைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது. என்னைக் கேட்டால் சட்டத்தில் நிரூபணம் என்பது இந்த வேலைதான்: இவர் செய்யவில்லை என்றால் வேறு எப்படியெல்லாம் இது நடந்திருக்கலாம் என்று பட்டியல் போட்டு, அவற்றில் பொருட்படுத்தத் தக்கவை ஒவ்வொன்றையும் யாராவது நேரில் போய்ப் பார்த்து அடைத்திருக்கிறார்களா என்று கேட்பது. பட்டியலில் ஒரு வழி திறந்து கிடந்தால் அதற்குப் பெயர்தான் நியாயமான சந்தேகம். அந்த வழியாகப் போகிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி.

சட்டங்களின் வாசகத்திலும் இதைப் பார்க்கலாம். இந்தியாவின் 1872 சாட்சியச் சட்டம், ஒரு விவேகமுள்ள மனிதர் அந்த விஷயம் உண்மை என்று எடுத்துக்கொண்டு செயல்படும் அளவுக்கு அது நடந்திருக்க வாய்ப்பு இருந்தால் அது "நிரூபிக்கப்பட்டது" என்கிறது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் இதே வரையறையைத்தான் வைத்திருக்கிறது. வாய்ப்பு என்ற பேச்சு இருக்கிறது, எண் இல்லை, செயல்படும் மனிதர் ஒருவர் இருக்கிறார். வெறும் சந்தர்ப்ப சாட்சியத்தை வைத்துத் தண்டிப்பதாக இருந்தால் என்ன வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1984இல், சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில், ஐந்து நிபந்தனைகளைத் தொகுத்துச் சொன்னது. அவற்றில் ஒன்று, நிரூபிக்கப்பட்ட விவரங்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் குற்றத்தைத் தவிர மற்ற எல்லாச் சாத்தியங்களையும் விலக்க வேண்டும் என்பது.

எண்ணை வைத்தால் இன்னொரு தலைவலியும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமையியல் வழக்கில் நஷ்டஈடு கேட்பவர் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: எதிராளி கவனக்குறைவாக இருந்தார், அந்தக் கவனக்குறைவால்தான் காயம் ஏற்பட்டது. ஒவ்வொன்றும் 70 சதவீதம் உறுதி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு 49 சதவீதம்தான். ஒவ்வொரு அம்சத்திலும் ஜெயித்துவிட்டு வழக்கில் தோற்க வேண்டும்! நடைமுறையில் எந்த நீதிமன்றமும் இப்படிப் பெருக்கிப் பார்ப்பதில்லை, இரண்டு தரப்பின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நிற்கிறது என்றுதான் பார்க்கிறது.

இனி, எண்ணைக் கண்டு மயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். 1964இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மூதாட்டியின் கைப்பை பறிக்கப்பட்டது. பொன்னிறக் கூந்தலைக் குதிரைவால் போட்ட ஒரு பெண் ஓடிப்போய், தாடி மீசை வைத்த ஒரு கறுப்பின ஆண் ஓட்டிவந்த மஞ்சள் காரில் ஏறியதைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பொருந்துகிற ஒரு தம்பதி பிடிபட்டார்கள். அரசுத் தரப்பு வக்கீல் ஒரு கணித ஆசிரியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, பெருக்கல் விதியை விளக்க வைத்தார், அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விஷயங்கள் எல்லாம் ஒருசேர அமைவதற்கான வாய்ப்பை அறிய ஒவ்வொன்றின் வாய்ப்பையும் பெருக்க வேண்டும் என்பதை. மஞ்சள் கார் 10இல் 1, மீசை வைத்த ஆண் 4இல் 1, குதிரைவால் 10இல் 1, பொன்னிறக் கூந்தல் 3இல் 1, தாடி வைத்த கறுப்பின ஆண் 10இல் 1, ஒரே காரில் இரு இனத்தவர் ஜோடி 1,000இல் 1. எல்லாவற்றையும் பெருக்கினால் 1 கோடியே 20 லட்சத்தில் 1. ஜூரிகள் தண்டித்துவிட்டார்கள்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எந்த எண்ணுக்கும் ஆதாரம் இல்லை, வக்கீல் தானாகப் போட்டுக்கொண்டவை. தாடி வைத்தவர்களில் பெரும்பாலோர் மீசையும் வைத்திருப்பார்கள், இரண்டையும் தனித்தனியாகப் பெருக்குவது ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை பில் போடுவது மாதிரி. இரு இனத்தவர் ஜோடி என்று சொன்னபோதே ஒரு கறுப்பின ஆண் அதில் வந்துவிடுகிறார், அவர் இன்னொரு வரியிலும் இருக்கிறார். 1968இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பின் பின்னிணைப்பில் நீதிபதிகளே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: அந்த 1 கோடியே 20 லட்சத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதே அளவு ஜோடிகள் அந்த வட்டாரத்தில் இருந்திருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டால்கூட, இப்படிப்பட்ட ஒரு ஜோடி இருக்கிற இடத்தில் இன்னொன்றும் இருப்பதற்கான வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேல். எண்ணை எதிர்க்க எண்ணையே எடுத்தார்கள், அது எனக்குப் பிடித்த விஷயம்.

சாலி கிளார்க் வழக்கு இதைவிடக் கொடுமை. இங்கிலாந்தில் அவருடைய இரண்டு ஆண் குழந்தைகள் 1996இலும் 1998இலும் கைக்குழந்தைகளாகவே இறந்துபோனார்கள். அவர் கொன்றார் என்று வழக்கு. வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்க 8,543இல் 1 வாய்ப்பு, எனவே இரண்டு குழந்தைகள் இறக்க சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்று ஒரு குழந்தை மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். 1999இல் ஆயுள் தண்டனை. அந்தப் பெருக்கல் எப்படித் தவறு என்பது பலருக்குத் தெரியும்: ஒரே குடும்பத்தில் மரபணுவோ சூழலோ பொதுவாக இருக்கலாம், முதல் மரணமும் இரண்டாவது மரணமும் தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொள்ள எந்த அடிப்படையும் இல்லை. 2001இல் அந்நாட்டின் அரச புள்ளியியல் கழகம் பகிரங்கமாகவே கண்டித்தது. அதோடு, இரண்டு குழந்தைகளும் இயற்கையாக இறப்பது அரிது என்றால், ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் அரிதுதான். ஓர் அரிய விஷயத்தை இன்னோர் அரிய விஷயத்தோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் மேசையில் வைத்தார்கள்.

ஆனால் இந்த வழக்கில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. 2000இல் முதல் மேல்முறையீட்டிலேயே அந்த எண் கோளாறானது என்று நீதிமன்றத்துக்குப் புரிந்துவிட்டது, இருந்தாலும் மற்ற சாட்சியங்கள் வலுவாக இருக்கின்றன என்று தண்டனையை உறுதி செய்தார்கள். 2003இல் அவர் வெளியே வந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு பரிசோதனை அறிக்கை. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டும் ஆய்வக முடிவுகள் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கின்றன, எதிர்த்தரப்புக்கு அவை தரப்படவே இல்லை. திறந்து கிடந்த ஒரு வழி, அது இருப்பதையே யாருக்கும் சொல்லவில்லை. கெய்ன்ஸ், ஆமாம் பொருளாதார மேதை அதே கெய்ன்ஸ்தான், 1921இல் நிகழ்தகவு வேறு, சாட்சியத்தின் எடை வேறு என்று பிரித்துக் காட்டினார். கையில் இருக்கிற சாட்சியம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பது ஒன்று, தெரிந்திருக்க வேண்டியதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்பது இன்னொன்று. 90 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னால் முதலாவது மட்டும்தான் தெரியும். பாதி விசாரணையில் வந்த 90ஐயும் முழு விசாரணையில் வந்த 90ஐயும் அந்த எண்ணை வைத்துப் பிரித்தறிய முடியாது.

அப்புறம், உங்கள் இரண்டாவது கேள்வி, டிஎன்ஏ. சிறைக் கைதி உதாரணத்தில் கேட்ட கேள்வியையே இங்கேயும் கேளுங்கள்: இவர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் சாட்சியம் மாறியிருக்குமா? கத்தியில் இருக்கும் ரத்தம் ஒரு குறிப்பிட்ட உடம்பிலிருந்து வந்தது. அது இவருடையதாக இல்லாவிட்டால் சோதனை பெரும்பாலும் பொருந்தியிருக்காது. அதாவது இந்த எண், சுற்றியிருக்கும் கூட்டத்தைப் பற்றிய தகவலாக நிற்காமல், தடயத்துக்கும் இந்த ஆளுக்கும் நடுவே இருக்கும் பிணைப்பு எவ்வளவு உறுதி என்பதை அளக்கிறது. அதனால்தான் 25இல் 24ஐ ஒதுக்குகிறவர்களும் இதை ஏற்கிறார்கள், இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என்றாலும் டிஎன்ஏவுக்கும் தவறாகப் போகும் வழிகள் உண்டு, அவற்றையும் அடைத்தாக வேண்டும். ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது, கொலையும் உண்டு, சில்லறைத் திருட்டும் உண்டு. போலீஸ் பல வருடங்கள் அந்தப் பெண்ணைத் தேடியது. 2009இல்தான் தெரிந்தது, மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒருவருடைய டிஎன்ஏ அது என்று. ஒவ்வொரு பொருத்தமும் நூற்றுக்கு நூறு சரி. குற்றவாளிதான் அப்படி ஒருவர் இல்லை.

பொருத்தம் சரியாகவே இருந்தாலும் அது என்ன சொல்கிறது என்பதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. "இவர் இல்லை என்றால் இப்படிப் பொருந்த 10 லட்சத்தில் 1 வாய்ப்பு" என்பதும் "இவர் இல்லை என்பதற்கு 10 லட்சத்தில் 1 வாய்ப்பு" என்பதும் காதுக்கு ஒன்று போலத்தான் கேட்கும், ஆனால் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல டிஎன்ஏ மட்டும் போதாது. 1996இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இரண்டு விதமான வழக்குகள் வந்தன. ஒன்றில் பொருத்தம் 20 கோடியில் 1 என்றார்கள், ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணால் அந்த ஆளை அடையாளம் காட்ட முடியவில்லை, அன்றிரவு என்னோடுதான் இருந்தார் என்று அவருடைய காதலி சாட்சி சொன்னார். இவை எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடுத்து, புதிய சாட்சியம் வரவர நிகழ்தகவைத் திருத்திக் கணக்கிடும் பேய்ஸ் சூத்திரத்தில் போட்டுப் பார்க்க எதிர்த்தரப்பு நிபுணர் ஜூரிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். நீதிமன்றம் அதை ரசிக்கவில்லை, அது ஜூரிகளின் வேலை இல்லை என்றது. நான் பாதி ஒத்துப்போகிறேன். காதலியின் சாட்சியத்துக்கு 0.4 போடுவதா 0.6 போடுவதா என்று கேட்டால் யாரும் ஆகாயத்திலிருந்துதான் எண்ணைப் பறிக்க வேண்டும். ஆனால் 20 கோடியில் 1 என்கிற எண்ணைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டு, இதை மற்றவற்றோடு எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று எதுவும் சொல்லாமல் அனுப்பினால் ஜூரிகளுக்கு அந்த எண் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அதே வருடம் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்ன வழி இதைவிட நன்றாக இருந்தது. நிபுணர் பொருத்தம் எவ்வளவு அரிது என்று மட்டும் சொல்லட்டும், இவர்தான் குற்றவாளி என்பதற்கான வாய்ப்பு இவ்வளவு என்று சொல்லவே வேண்டாம். 10 லட்சத்தில் 1 என்றால், அன்றைய ஐக்கிய ராஜ்யத்தின் ஆண்களின் தொகைக்கு, அதே டிஎன்ஏ அமைப்பு கொண்ட ஆண்கள் 26 பேர் இருக்கலாம், கூண்டில் நிற்பவர் அவர்களில் ஒருவர். வேறு எதுவுமே தெரியாது என்றால் டிஎன்ஏ நம்மைக் கொண்டுவந்து விடுவது அந்த 26 பேரிடம்தான். அதிலிருந்து ஒருவருக்கு வருவதற்கு, அன்றைக்கு அவர் எந்த ஊரில் இருந்தார், வயது பொருந்துகிறதா, இறந்தவரைத் தெரியுமா, மற்ற 25 பேரில் யாராவது அங்கே வந்திருக்க முடியுமா என்று பழைய முறையில்தான் ஒவ்வொன்றாக விசாரித்தாக வேண்டும்.